இரும்புக்கு மாவுக்கட்டுப் போட்டவர்

இரும்புக்கும் வலிக்கும் என்று நம்பிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்கிறார். அவர் திண்டுக்கல்லில், மலைக்கோட்டை தெரிகிற ஒரு பூட்டுக்காரர் தெருவில், எங்களுக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தார். வேறு ஊரில் அப்படி இன்னொருவர் இருந்திருந்தால் அவருக்கும் பக்கத்து வீட்டில் என்னைப் போல ஒரு பாவப்பட்ட பெண் இருந்திருப்பாள். அவள் எனக்கு முன்னால் இந்தக் கதையை எழுதி அனுப்பியிருப்பாள்.

ஊர் முழுக்க அவரைக் கம்பவுண்டர் என்றுதான் கூப்பிடும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அது அவர் மனைவி தாயம்மா அத்தைக்குத் தெரியும். ஆனால் புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்று அத்தை கடைசி வரை வாயைத் திறக்கவில்லை. ஆகையால் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாமலே போயிற்று.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்தேன். பிறந்த ஊர் தொப்பம்பட்டிப் பக்கம். எட்டாவது வரை படிப்பு. யாராவது பெயரைக் கேட்டாலே முந்தானையைத் திருகிக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்பேன். தப்பித் தவறி வாயைத் திறந்தால் எங்கள் ஊர் 'ங்க' வந்துவிடும். குழாயடியில் பெண்கள், "ஏத்தா, அதை இன்னொருக்காச் சொல்லு" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அதனால் பேசுவதையே குறைத்துக்கொண்டேன். பேசாதவளிடம் என்ன வேலை சொன்னாலும் மாட்டேன் என்று சொல்ல மாட்டாள் என்பதை முதலில் கண்டுபிடித்தவர் கம்பவுண்டர்தான்.

அவர் சந்தைப்பேட்டைப் பக்கம் ஒரு டாக்டரிடம் நெடுங்காலம் இருந்தவர். சிவப்பு மிக்சர் இருமலுக்கு, வெள்ளை மிக்சர் வயிற்றுக்கு. இரண்டும் சேர்ந்து வந்தவருக்கு இளஞ்சிவப்பு. வயதான காலத்தில் அந்த டாக்டர் மகனோடு இருக்கச் சென்னைக்குப் போய்விட்டார். மருந்தகம் மூடப்பட்டது. கம்பவுண்டருக்கு வைத்தியம் பார்க்க ஆள் இல்லாமல் போயிற்று. ஆனால் பார்த்துப் பழகிய கை சும்மா இருக்குமா? கண்ணில் பட்டதற்கெல்லாம் பார்க்க ஆரம்பித்தார்.

தெருக்குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. "இது சளி" என்று சொல்லி அதற்குத் துணி சுற்றிக் கட்டுப் போட்டார். எங்கள் வீட்டு ஓடு ஒழுகியபோது ஏணி வைத்து ஏறி அதற்குப் பிளாஸ்திரி ஒட்டினார். டீக்கடைப் பெஞ்சு ஆடுகிறது என்று கடைக்காரர் சொன்னால், முதலில் குனிந்து பெஞ்சின் காலைத் தடவிப் பார்த்து, "எம்புட்டு நாளா இப்படி இருக்கு?" என்று கேட்பார். கடைக்காரரும் பயபக்தியோடு, "பொங்கலுக்கு அப்புறந்தாங்க" என்பார்.

இதெல்லாம் தெருவுக்குத் தமாஷ். வீட்டுக்குள் அத்தைக்குத் தமாஷ் இல்லை. மருந்தகத்தை மூடியபோது அங்கே கிடந்த காலி மிக்சர் பாட்டில்கள் அத்தனையையும் கம்பவுண்டர் வண்டி வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். நீலம், பழுப்பு, வெள்ளை, நெட்டை, குட்டை என்று தரை முழுக்கப் பாட்டில். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும், ஒரு வேளைக்கு எவ்வளவு என்று காட்டப் பல் பல்லாக வெட்டிய காகிதம் ஒட்டியிருக்கும். அத்தை அடுப்படிக்குப் போவதற்கு ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டு. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும்.

அவர்களுக்கு ஒரே மகள், சரசு. செம்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் தலைப்பிள்ளை உண்டாகியிருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு அழைத்துவர வேண்டும். ஆனால் சரசுவின் மாமியார் பொங்கலுக்கு இங்கே வந்தபோது அந்த ஒற்றையடிப் பாதையில் நடந்து, நீலப் பாட்டில் ஒன்றில் கால் வைத்து வழுக்கி, அத்தை மேலேயே விழுந்துவிட்டார். எழுந்து சேலையை உதறிவிட்டு அந்த அம்மா சொன்னதை எங்கள் வீட்டுச் சுவரும் கேட்டது, நானும் கேட்டேன்.

"மதினி, நான் ஒண்ணும் அதிகமாக் கேக்கலை. என் மருமக மல்லாந்து படுக்கத் தரை வேணும். இந்த வீட்டுல தரையைக் கண்ணால காட்டுங்க. அப்புறம் அனுப்புறேன். இல்லாட்டி எங்க வீட்டுலேயே பிள்ளையைப் பெத்துக்கிறட்டும்."

அந்தம்மா போனதும் அத்தை அழுத அழுகையில் எங்கள் வீட்டில் அன்று யாரும் சாப்பிடவில்லை. பெற்ற மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைக்க வக்கில்லாத வீடு என்று தெரு பேசுமே என்ற கவலை ஒரு பக்கம். மகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாதே என்ற வேதனை இன்னொரு பக்கம்.

"பாட்டிலா பிள்ளையா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்றார் அத்தை.

"ரெண்டும்" என்றார் கம்பவுண்டர். "பாட்டிலு மேல போகும். பிள்ளை கீழ படுக்கும்."

மறுவாரம் அவர் ஒரு மில் கிடங்கில் கழித்துப்போட்ட இரும்பு அலமாரிக் கால்களைப் பிடித்துவிட்டார். நான்கு கால்கள். இரண்டு பக்கமும் மடித்த தகடு, நெடுக ஓட்டை ஓட்டையாகத் துளை. எந்தத் துளையில் வேண்டுமானாலும் போல்ட்டு மாட்டிப் பலகையை எந்த உயரத்திலும் வைக்கலாம். மருந்துப் பெட்டிப் பலகைகள் அவரிடம் ஏராளமாக இருந்தன. குறை ஒன்றுதான். கால் ஒவ்வொன்றும் பத்தடி. அவர் வீட்டு உத்திரம் ஏழடிக்குக் கொஞ்சம் மேலே.

அந்தக் கால்களைக் கட்டித் தோளில் வைத்து நடந்தே கொண்டுவந்தார். பிரியாணிக் கடை முன்னால் யாரோ, "என்ன கம்பவுண்டரே" என்றார்கள். மரியாதையாகத் திரும்பினார். பின்முனை கடையின் போர்டைக் கழற்றியது. மன்னிப்புக் கேட்கத் திரும்பினார். முன்முனை எதிரே இருந்த சைக்கிள் கடையில் தொங்கிய டயர்களை எல்லாம் கோத்துக்கொண்டது. அன்று அவரை அன்போடு விசாரித்த ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஒரு நஷ்டம் ஏற்பட்டது. தெருமுனைக்கு வரும்போது அவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள்.

எங்கள் வீட்டுக்காரர் பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர். சாயங்காலம் தலைமுடியில் இரும்புத்தூளோடு வந்தவர் அந்தக் கால்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மாமா, காலையில பட்டறைக்குக் கொண்டாங்க. வைஸ் இடுக்கியில கடிக்க விட்டு, செத்த நேரத்துல வெட்டித் தாரேன்."

கம்பவுண்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏம்ப்பா, வீடு தேடி வந்த கேஸை வேற ஆசுபத்திரிக்குத் தள்ளிவிடச் சொல்றியா? உங்க பட்டறையில கையும் காலும் அமுக்கி வெட்டுவீக. அது வைத்தியமா, கசாப்பா?"

"இரும்பு மாமா அது."

"இரும்புதான். அதுவும் கத்தத்தானே செய்யுது?"

கத்தும் என்பது உண்மைதான். மறுநாள் அவர் வைத்தியம் தொடங்கியபோது தெருவே அதை அறிந்தது. உளியும் சுத்தியலும் கொண்டு முயன்றார். தகடு நெளிந்ததே தவிர வெட்டுப்படவில்லை. அப்புறம் பட்டறைகளில் உடைந்து போய் எறிந்த, இரும்பு அறுக்கிற ஆக்சா பிளேடுத் துண்டுகளைப் பொறுக்கிவந்தார். ரம்பத்துக்குச் சட்டம் வாங்குவது வீண் செலவு என்பது அவர் கொள்கை. துண்டுப் பிளேடின் ஒரு பாதியில் துணியைச் சுற்றினால் அதுதான் கைப்பிடி. இரும்புக் காலை ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே நுழைத்து, உள்ளே அம்மிக்கல்லை அதன்மேல் ஏற்றிவைத்து, பிளேடை ஓட்டினார்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? அந்தத் தெருவில் காலையிலிருந்து இருட்டும் வரை நூறு கை அரம் பிடித்து ராவிக்கொண்டிருக்கும். இரும்புச் சத்தம் எங்களுக்குத் தாலாட்டு மாதிரி. அப்பேர்ப்பட்ட தெரு அன்று காதைப் பொத்திக்கொண்டது. எருமை கன்றை உதைத்தது. நடுப்பகலில் சேவல் கூவியது. பல் கூசாத ஆள் தெருவில் ஒருவர்தான்; அவருக்குப் பல்லே கிடையாது. எதிர்ப் பட்டறை முதலாளி அரத்தோடு எழுந்து வந்து, "ஓய் கம்பவுண்டரே, உள்ளுக்குள்ள யாரைத்தான் அறுக்கிறீரு?" என்று கத்தினார்.

சத்தம் போதாதென்று பிளேடுப் பற்களும் போய்க்கொண்டிருந்தன. துளை வருகிற இடத்தில் பல் சிக்கும். 'டிக்' என்று ஒரு சத்தம். ஒரு பல் குறையும். மத்தியானத்துக்குள் பிளேடுகள் எல்லாம் அந்தப் பல்லில்லாத பெரியவரைப் போல ஆகிவிட்டன.

மறுநாள் காலை கம்பவுண்டர் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"தாயி, இன்னைக்கு நீதான் நர்ஸு. வா."

நான் முந்தானையைத் திருகினேன். அதற்குள் அவர் போய்விட்டார். நானும் பின்னால் போனேன். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது என்று அன்று தெரியாது. இன்றும் அவ்வளவாகத் தெரியாது.

அன்று அவர் முறையாகச் செய்தார். இரும்புக் காலை முதலில் ஸ்பிரிட்டால் துடைத்தார். தேங்காய் எண்ணெய் தடவினார். பிறகு, எலும்பு முறிந்தவனுக்குப் பத்தை வைத்துக் கட்டுவது போல, தகட்டின் மடிப்புக்குள் ஒரு மூங்கில் பத்தையை வைத்து நனைந்த சாக்கால் இறுகச் சுற்றினார். "இதுதான் மயக்க மருந்து" என்றார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். ஆனால் பிளேடை ஓட்டியபோது முந்தின நாள் ஊரை எழுப்பிய சத்தம் இல்லை. எங்கள் தெருச் சத்தத்தில் அது கரைந்துவிட்டது. எதிர்ப் பட்டறை முதலாளி எழுந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"பார்த்தியா? இப்ப வலிக்கலை" என்றார் கம்பவுண்டர்.

துளையின் மேலே வெட்டாமல் இரண்டு துளைக்கு நடுவே வெட்டினால் பல் தப்பும் என்பதையும் கண்டுகொண்டார். மடிப்பின் மூலையில் லேசாக ஒரு கீறல், அப்புறம் ஒரு பக்கம், அப்புறம் மறுபக்கம். என் வேலை அறுபட்டு விழப்போகிற முனையைத் தாங்கிப் பிடிப்பது. அது இலேசான வேலை என்று நினைக்க வேண்டாம். கை நடுங்கினால் பிளேடு இறுகிக்கொள்ளும்.

"காலை ஆட்டாத தாயி. கேஸு போயிரும்."

"ஏனுங்க மாமா, கை வலிக்குதுங்க."

"யாருக்கு? உனக்கா, இதுக்கா?"

"எனக்குங்க."

"அப்ப சரி. கொஞ்சம் பொறுத்துக்க."

வேடிக்கை பார்க்க ஜன்னலுக்கு வெளியே கூட்டம் சேர்ந்தது. "காத்தை மறைக்காதீக, தள்ளி நில்லுங்க" என்று விரட்டினார். ஒருவர் இரண்டு வாழைப்பழம் வாங்கி வந்து ஜன்னல் வழியாக நீட்டி, "பேஷண்டுக்குக் குடுங்க" என்றார். கம்பவுண்டர் அதை வாங்கி எனக்கு ஒன்று கொடுத்துத் தனக்கு ஒன்று உரித்துக்கொண்டார்.

இப்படியாக நான்கு கால்களும் அறுபட்டன. அறுத்த முனைகளை எங்கள் வீட்டுக்காரர் கொடுத்த தேய்ந்த அரத்தால் ராவி மழுக்கினார். கையால் தடவிப் பார்த்து, கன்னத்திலும் தேய்த்துப் பார்த்த பிறகுதான் விட்டார். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. நிமிர்த்திப் பலகை மாட்டியபோதுதான் தெரிந்தது, அலமாரி நொண்டியது.

மூன்று கால் தரையில் நின்றன. நான்காவது, கட்டைவிரல் பருமனுக்கு மேலே தொங்கியது.

இந்தத் தப்பு எப்படி நடந்தது என்றால், எந்த ஆசாரியும் கொத்தனும் பூட்டுக்காரரும் செய்யாத தப்பு அது. ஒரு கம்பவுண்டர் மட்டுமே செய்யக்கூடியது. அடிக்கோல் வைத்துக் குறிக்காமல், பாட்டிலுக்கு அளவுக் காகிதம் ஒட்டுகிற அதே வழியில் அவர் அளவு வைத்திருந்தார். பழைய செய்தித்தாளை நாடா நாடாவாகக் கிழித்து நீளமாக இணைத்து, நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே அளவாக வெட்டி, மைதாப் பசை தடவிக் காலுக்கு ஒன்றாக ஒட்டினார். காகிதம் முடிகிற இடம் வெட்டுகிற இடம். முதல் மூன்றுக்கும் பசையைத் தாராளமாகத் தடவி ஊறவிட்டு, இழுத்து நீவி ஒட்டினார். நான்காவதற்கு வரும்போது கிண்ணத்தில் பசை தீர்ந்துபோயிற்று. கிண்ணத்தை வழித்து, அங்கங்கே தொட்டு ஒட்டினார். நனைந்த காகிதம் நீளும். சாண் உயரப் பாட்டிலில் அது தெரியாது. ஏழடியில் தெரிந்துவிட்டது.

எங்கள் வீட்டுக்காரர் வந்து பார்த்து, "இதுக்கு என்ன மாமா, மிச்ச மூணையும் அதே அளவுக்கு வெட்டிவிட்டாப் போச்சு" என்றார்.

கம்பவுண்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு கால் நொண்டின்னா நல்ல கால் மூணையும் வெட்டச் சொல்றான். இவன்கிட்டத்தான் ஊரு பூட்டுச் செய்யக் குடுக்குது."

"அப்ப அடியில ஒரு மரச் சக்கை வைங்க."

"சக்கை நழுவும். கீழ பிள்ளை படுத்திருக்கும்."

மறுநாள் காலை அத்தை ஒரு பெருமூச்சோடு என்னைக் கூப்பிட வந்தார். "தாயி, அவுக அலமாரிக்கு மாவுக்கட்டுப் போடப் போறாகளாம். உன்னையக் கூட்டியாரச் சொன்னாக."

அதற்குள் வீட்டிலிருந்த பாட்டில்கள் எல்லாம் கழுவப்பட்டுத் தெருவோரம் வெயிலில் வரிசையாக நின்றன. ஆசுபத்திரி வாசலில் ஜனம் காத்திருப்பது மாதிரி இருந்தது. உள்ளே தரை கழுவிவிடப்பட்டிருந்தது. அலமாரி சுவரை விட்டுத் தள்ளி நின்றது. பலகையின் மேல், சிவப்புத் தண்ணீர் கழுத்து வரை ஊற்றி மூடிய ஒரு பாட்டில் படுக்க வைக்கப்பட்டிருந்தது. உள்ளிருக்கும் காற்றுக் குமிழ் நடுவில் நின்றால் பலகை மட்டமாக இருக்கிறது என்று அர்த்தம்.

குட்டைக் காலின் அடியில் கம்பவுண்டர் குந்தி உட்கார்ந்து, மருந்தக நாளிலிருந்து தகர டப்பாவில் வைத்திருந்த மாவுக்கட்டு மாவைத் தண்ணீரில் குழைத்து, துணிச்சுருளை அதில் நனைத்து, காலுக்கு அடியிலும் சுற்றிலும் பூட்ஸு போட்டாற்போலக் கட்டினார். பழைய மாவு. இறுக நேரமாகும். அதுவரை அலமாரி அசையக் கூடாது. அத்தை ஒரு காலைப் பிடித்துக்கொண்டார், நான் ஒரு காலை. கம்பவுண்டர் மாவுக்கட்டை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்பக்கத்தில் மிஞ்சிய காலுக்கு ஆள் இல்லை.

"எல்லாரும் குமிழைப் பாருங்க. மூச்சை மெதுவா விடுங்க."

அப்போதுதான் வாசலில் ஒரு நிழல் விழுந்தது.

"வீட்டுல ஆளு இருக்காகளா, இல்ல, எல்லாரும் தெருவுல வெயில் காயறாகளா?"

செம்பட்டிச் சம்பந்தியம்மா. இடுப்பில் ஒரு கூடை கத்தரிக்காய். வருவதாகச் சொல்லி அனுப்பவே இல்லை.

சம்பந்தி வாசல்படி ஏறினால் எழுந்து ஓடிப்போய்க் கும்பிட வேண்டும். கையில் இருப்பதை வாங்க வேண்டும். பாய் விரிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு செம்புத் தண்ணீர் கொடுக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அது பேரன் பேத்தி காலம் வரை பேசப்படும். அத்தையின் கை தன்னால் விலகியது.

"விட்ராத" என்றார் கம்பவுண்டர், தலையைத் திருப்பாமல்.

அத்தை விடவில்லை. நின்ற இடத்திலேயே, "வாங்க மதினி" என்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை.

"வாங்க தங்கச்சி" என்றார் கம்பவுண்டர் தரையிலிருந்து. "கும்புடக் கை இல்லை. மனசுல கும்புட்டாச்சு."

அந்தம்மா எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன அண்ணே, ஆளுக்கு ஒரு தூணைக் கட்டிப் புடிச்சு நிக்கிறீக. வீடு விழுகப் போகுதா?"

"வீடு நிக்கும். இது ஆடினா மாவுக்கட்டு ஒடஞ்சிரும்."

"யாருக்கு மாவுக்கட்டு?"

கம்பவுண்டர் முகவாயால் காட்டினார். அந்தம்மா குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்து பார்த்தார்.

"அண்ணே, செம்பட்டியில இருந்து பஸ்ஸுல நின்னுக்கிட்டே வாரேன். ஒரு வாய் தண்ணி குடுக்க ஆள் இல்லாத வீட்டுக்கா என் மருமகளை அனுப்பச் சொல்றீக?"

அவ்வளவுதான், முடிந்தது என்று எனக்குத் தோன்றியது. அத்தை உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். கம்பவுண்டர் மாவுக்கட்டை இன்னும் இறுக அணைத்துக்கொண்டார். தண்ணீர்க் குடம் சுவரோரம், அந்தம்மாவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. மேலே செம்பு கவிழ்த்திருந்தது. யாராவது சொன்னால் தேவலையே என்று பார்த்தேன். சொல்ல அங்கே என்னைத் தவிர ஆள் இல்லை.

"ஏனுங்க, செம்பு உங்க கைக்கிட்டயே இருக்குதுங்க. நீங்களே மொண்டு குடிச்சுக்கோங்க. அப்படியே அந்தப் பின்னங்காலைக் கொஞ்சம் புடிச்சுக்கோங்க. குமிழு ஓடுதுங்க."

அந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து நான் மொத்தமாகப் பேசிய பேச்சை விட இது நீளம். சொன்ன பிறகு எனக்கே காது அடைத்துவிட்டது. குமிழ் உண்மையிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

சம்பந்தியம்மா என்னை உற்றுப் பார்த்தார். "இது எந்த ஊருக் கிளி?"

"தொப்பம்பட்டிங்க."

"அதான பார்த்தேன். சம்பந்திய வேலை வாங்குறதுலயும் ஒரு மருவாதி இருக்கு" என்றார். சிரித்துவிட்டார். கூடையை இறக்கினார். இடக்கையால் செம்பில் தண்ணீர் மொண்டு குடித்தார். வலக்கை பின்னங்காலைப் பற்றியிருந்தது. கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்த கை. பிடித்த மாத்திரத்தில் குமிழ் நடுவுக்கு வந்து நின்றது.

நால்வரும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தோம். வெளியே அரம் ராவுகிற சத்தம். அந்தம்மா கேட்டார்.

"ஏண்ணே, அம்புட்டு பாட்டிலையும் எடைக்குப் போட்டா வேலை முடிஞ்சிச்சு. அதை விட்டுப்பிட்டு எதுக்கு இந்தப் பாடு?"

கம்பவுண்டர் தலையை வாசல் பக்கம் திருப்பினார்.

"வாசல்ல மொத வரிசையில ஒரு நீலப் பாட்டிலு நிக்குது பாருங்க, தங்கச்சி. அது வண்டிக்காரர் பிள்ளைக்குக் கக்குவான் இருமலு வந்தப்பக் குடுத்தது. அதுக்குப் பக்கத்துல பழுப்பு. ஒரு வாத்தியாரு சம்சாரத்துக்கு விடாத காய்ச்சலு. டாக்டரே கையை விரிச்சுட்டாரு. இன்னைக்கு அந்தம்மா சந்தைக்கு நடந்து வருது. கொணமானவுகதான் பாட்டிலைக் கழுவித் திருப்பிக் கொண்டாருவாக. அப்படி வந்த பாட்டிலு இது அம்புட்டும்."

"கொணமாகாதவுக பாட்டிலு?"

"அது திரும்பி வராது."

சம்பந்தியம்மா தலையைத் திருப்பி வாசல் வழியாகத் தெருவோரத்தைப் பார்த்தார். வெயிலில் பாட்டில்கள் பளபளத்துக்கொண்டு நின்றன. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் குரலை மாற்றிக்கொண்டு கேட்டார்.

"சரசுக்குப் பாயி எங்கிட்டு விரிப்பீக?"

"அந்தா, சன்னலுக்குக் கீழ. காத்து வரும். இது இந்த மூலையில நிக்கும். தலமாட்டுலயும் இருக்காது, கால்மாட்டுலயும் இருக்காது."

அந்தம்மா ஜன்னலுக்குக் கீழே பார்த்தார். ஈரம் உலர்ந்த சிமெண்டுத் தரை, ஒரு பாட்டில் கூட இல்லாமல் கிடந்தது.

"தரை இருக்கத்தான் செய்யுது" என்றார். "வளைகாப்புக்கு வரும்போது வண்டியில வைக்கோல் நெறையப் போட்டுக் கொண்டாங்க. செம்பட்டி ரோடு குலுங்கும்."

அத்தை வாய்விட்டு அழுதார். அப்போதும் கையை விடவில்லை. மாவு இறுகிய பிறகு கம்பவுண்டர் விரலால் தட்டிப் பார்த்து, "இனி விடலாம்" என்றார். எல்லோரும் கையை எடுத்தோம். அலமாரி நின்றது. முதல் வேலையாக அத்தை ஓடிப்போய் ஒரு செம்புத் தண்ணீர் மொண்டுவந்து சம்பந்தியம்மாவிடம் நீட்டினார். அந்தம்மா ஏற்கனவே குடித்துவிட்டதை மறந்தவர் போல அதையும் வாங்கிக் குடித்தார்.

சரசு வந்தாள். வெள்ளைப் பூட்ஸு போட்ட அலமாரியைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்காதே, சிரிக்காதே என்று அத்தை பயந்தார்.

அவளுக்கு இரவில் தூக்கம் பிடிக்கவில்லை. புரண்டு புரண்டு படுத்துவிட்டு, பகலில் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் கண் அசருவாள். ஆனால் எங்கள் தெருவில் பகலில் யார் தூங்க முடியும்? செம்பட்டித் தோப்பில் குயில் சத்தம் கேட்டுப் பழகியவளுக்கு அந்த அரச் சத்தம் தலைக்குள் ராவியது.

ஒரு மத்தியானம் நான் வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கம்பவுண்டர் செருப்புக்கூடப் போடாமல் வெளியே வந்தார். எதிர்ப் பட்டறைக்குப் போனார். அடுத்த பட்டறைக்குப் போனார். தெருவின் கடைசி வரை அப்படியே ஒவ்வொரு வாசலிலும் போய் நின்றார். என்ன சொல்லியிருப்பார் என்று அப்போது எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக்காரர் பிறகு சொன்னார்: "ஒண்ணுமே பெருசாச் சொல்லலை. 'பிள்ளை ஒறங்குது'ன்னாரு. தலையைக் குனிஞ்சுக்கிட்டே நின்னாரு. எங்க மொதலாளி அரத்தைக் கீழ வச்சிட்டாரு."

முதலில் எதிரே அரச் சத்தம் நின்றது. அப்புறம் பக்கத்தில். அப்புறம் ஒவ்வொரு பட்டறையாகத் தெருவின் கடைசி வரைக்கும் சத்தம் அடங்கிக்கொண்டே போயிற்று. அந்தத் தெருவில் காகம் கத்துவது கேட்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. கம்பவுண்டர் திரும்பி வந்து, அவர் வீட்டு வாசலில், கதவுக்கு முதுகைக் கொடுத்து, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்தார்.

நானும் கையிலிருந்த பாத்திரத்தை ஓசைப்படாமல் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.